மச்சுத் தரையை மட்டமாக்குவது எப்படி?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய மச்சு வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? மரப்படி ஏறி மேலே நடந்தால் பலகை கிரீச்சிடும். தரையில் கோலிக்குண்டை வைத்தால் தானாகவே ஒரு மூலைக்கு உருண்டோடும். இதன்மேல் பளபளப்பான லேமினேட் பலகையை விரித்துவிட்டால் கோணல் போய்விடுமா? போகாது. கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

லேமினேட் தரையை 1977-இல் ஸ்வீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கியது. மரநாரை இறுக்கி அழுத்திய பலகையின்மேல், மரத்தின் படம் அச்சிட்ட தாளைப் பிசினால் பதித்திருப்பார்கள். கனம் பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர். இதை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை. ஒன்றோடொன்று மாட்டிச் சும்மா விரிப்பார்கள். அடியில் பள்ளமிருந்தால் மிதிக்கும்போதெல்லாம் வளையும். காலை எடுத்தால் நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிறதல்லவா? அதுபோல மாட்டும் விளிம்பு ஒரு நாள் உடைந்துபோகும். ஆகவே 2 மீட்டர் நீளத்தில் மேடுபள்ளம் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி.

மரம் ஏன் கோணுகிறது?

ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதையும், சித்திரை வெயிலில் தளர்வதையும் பார்த்திருப்பீர்கள். மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். பச்சைத் தேக்கு முழுவதும் உலரும்போது நீளத்தில் ஏறக்குறைய மாற்றமில்லை. ஆண்டு வளையத்தின் போக்கிலோ நூற்றுக்கு 5, 6 பங்கு சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவது அதில் ஏறத்தாழப் பாதிதான். இரு திசைகளில் இருவேறு அளவாகச் சுருங்குவதால் பலகை ஓடுபோல வளைகிறது; ஆணியும் தளர்கிறது. தளர்ந்த ஆணியில் பலகை உரசும் ஓசையே அந்தக் கிரீச்சொலி.

முதலில் அடியில் பாருங்கள்

பள்ளத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். கூரை ஒழுகி உத்திரம் மக்கியிருக்கலாம். கறையான் உள்ளே தின்றிருக்கலாம். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா? திருப்புளி முனை எளிதாக இறங்குகிறதா? அப்படியானால் மேலே நடக்காதீர்கள், கீழேயும் படுக்காதீர்கள். அனுபவமுள்ள தச்சரோ பொறியாளரோ பார்த்து உத்திரத்தைச் சரிசெய்த பிறகே மற்ற வேலை.

தண்ணீரே அளவுகோல்

கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயை அறிவீர்கள். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் திறந்து வைத்தால், இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. ஒரு முனையின் நீரைச் சுவரில் போட்ட கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். மறுமுனையை அறையில் பல இடங்களுக்குக் கொண்டுபோய், நீர்மட்டத்திலிருந்து தரைவரை அளந்து சாக்குக்கட்டியால் எழுதுங்கள். சுவரோரம் 90 சென்டிமீட்டர், நடுவில் 91.2 என்றால் நடுப்பகுதி 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. எண் கூடினால் பள்ளம், குறைந்தால் மேடு.

கிடைமட்டம் வேறு, சமதளம் வேறு. சாய்வுப் பலகை சமதளம்தான், ஆனால் கிடைமட்டமன்று. லேமினேட்டுக்கு வேண்டியது சமதளமே. ஆகவே 2 மீட்டர் நீள மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியையும் பாருங்கள்.

இனிச் சரிசெய்யலாம்

ஆடும் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு திருகாணியால் இறுக்க வேண்டும். ஆணித்தலைகளை உள்ளே இறக்கிய பின் மேட்டை இழைப்புளியால் இழைக்கலாம். பள்ளமென்றால் பலகையைக் கழற்றிச் சட்டத்தின்மேல் உறுதியான மரச்சிம்பு வைத்து உயர்த்தலாம்.

சிமென்ட் கலவையைக் கொட்டி நிரப்பினால் என்ன? கணக்குப் போடுங்கள். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் 1 சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 240 கிலோ! நான்கு பெரியவர்கள் இரவும் பகலும் மச்சில் நிற்பதற்குச் சமம். அதன் ஈரமும் மரத்தை உப்பவைக்கும்.

கடைசியில், லேமினேட் பலகைக்கும் சுவருக்கும் இடையே 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதுவும் ஐப்பசியில் உப்புமே!

உங்கள் வகுப்பறைத் தரை மட்டமா? ஒரு குழாயும் கொஞ்சம் தண்ணீரும் போதும், அளந்து பாருங்கள்.