ஆள் வந்தால் மேலே தாவும் நாய்... அடக்குவது எப்படி?

புதுச்சேரி-கடலூர் சாலையை ஒட்டி, பாகூர் கொம்யூனில் இருக்கிறது பிள்ளையார்குப்பம். பால் எடுக்க வருபவர், நடவுக்கு ஆள் பேச வருபவர், நெல் விலை கேட்க வரும் வியாபாரி, கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் உறவினர் என விவசாயி வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. களத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் காவலாக நாயும் வேண்டும். அந்த நாய் கடிப்பதில்லை. வந்தவர் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுத் தாவுகிறது. ‘ஒண்ணும் பண்ணாது, வாங்க’ என்று உள்ளேயிருந்து குரல் வருவதற்குள், வயதானவராக இருந்தால் கீழே விழுந்திருப்பார்.

விழாவிட்டாலும் நகம் கீறும். ரத்தம் வராத சிறு கீறலையும் வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகைக் காயமாகவே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. நாய் ஆசையாகத் தாவியதற்கு விருந்தாளி நான்கு முறை அலைய வேண்டியிருக்கும். அதனால், நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர்வதுதான் முதல் வேலை.

குட்டி, தாயின் வாயை நக்கித்தான் வரவேற்கும். மனிதரின் முகம் உயரத்தில் இருப்பதால் தாவுகிறது. குட்டியாக இருந்தபோது தாவியதும் தூக்கிக் கொஞ்சியது நாம்தான். வளர்ந்த பிறகு கையால் தள்ளுகிறோம், கத்துகிறோம். நாய்க்கு அதுவும் விளையாட்டுதான். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய், அவிழ்த்ததும் இன்னும் அதிகமாகத் துள்ளும். கட்டியே வைத்திருக்கும் நாயை உரிய அளவு நடக்க விடாமலிருப்பது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றமும்கூட. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் விரட்டி ஓடிய இனங்கள். அவற்றுக்கு ஓட்டம் இல்லையென்றால் வீடு தாங்காது.

பழக்குவதை விருந்தாளி வந்த பிறகு தொடங்கக் கூடாது. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், திண்ணை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, நாய் அதில் உட்கார்ந்ததும் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். சாக்கு பழகியதும், வீட்டாள் ஒருவரே வெளியே போய் கேட்டைத் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்கும் நாய் உட்கார்ந்திருந்தால்தான் அடுத்து பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க வேண்டும். அவர் வரும்போது ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாவினால் வந்தவர் பேசாமல், பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொள்ளட்டும். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் தடவிக்கொடுக்கட்டும்.

முதல் சில நாள்கள் தாவல் கூடும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது அங்கேதான். தாத்தா மட்டும் தாவவிட்டுக் கொஞ்சினாலும் பழக்கம் போகாது. ஊரார் வரப்போவது தெரிந்தால், அதற்கு முன் அரை மணி நேரம் வரப்பில் நடத்திக் கூட்டி வருவது பாதி வேலையை முடித்துவிடும்.

கம்பை எடுப்பவர்கள் உண்டு. அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும்; பிறகு எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். வாலை இடுக்கி, காதைப் பின்னால் மடக்கி, உடம்பை விறைத்து நிற்கும் நாய் துள்ளுவது ஆசையில் அல்ல, பயத்தில். அதை ஆள்முன் இழுத்து வராமல், குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ காட்டுவது நல்லது. அமைதியாக இருந்த நாய் திடீரென வெறிகொண்டு, குரல் மாறி, எச்சில் ஒழுக்கினால் அருகில் போகாமல், யாரையும் நெருங்கவிடாமல், உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.