அறிவிக்கப்படும் விலையும் கைக்கு வரும் விலையும்

நெல்லுக்கும் கோதுமைக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவித்து வருகிறது. 2023-24ஆம் ஆண்டுக்குச் சாதாரண ரக நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். ஆனால், இவ்விலைக்கு அரசு அமைப்புகளிடம் விற்கும் வாய்ப்பு எல்லா விவசாயிகளுக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. இந்திய உணவுக் கழகத்தின் சீரமைப்பை ஆராய்ந்த சாந்த குமார் குழு, 2015இல் அளித்த அறிக்கையில், அத்தகைய வாய்ப்பைப் பெற்றவர்கள் விவசாயக் குடும்பங்களில் 6 சதவீதத்தினரே என்று குறிப்பிட்டது. 2012-13ஆம் ஆண்டின் மாதிரிக் கணக்கெடுப்பு இதற்கு அடிப்படை.

விற்கும் இடத்தில் நேரும் குறைகள் பழமையானவை. வியாபாரியும் தரகரும் ஒரு துணிக்கு அடியில் விரல்களைத் தொட்டு விலை பேசி முடிக்க, விளைவித்தவர் அருகில் ஒன்றும் அறியாமல் நின்ற வழக்கம் வட இந்தியச் சந்தைகளில் நெடுங்காலம் இருந்தது. எடையிலும் கழிவிலும் நடந்த முறைகேடுகள் தனி. இவற்றைத் தடுக்கவே ஒழுங்குமுறைச் சந்தைகள் தோன்றின. பஞ்சாபில் இதற்கான சட்டம் 1939இல் நிறைவேறியது. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அமைச்சர் சோட்டு ராம். பசுமைப் புரட்சிக்குப் பின் அங்கு மண்டிகளும் இணைப்புச் சாலைகளும் அரசுக் கொள்முதலும் ஒருங்கே வளர்ந்தன.

பீகாரின் நிலை வேறு. அம்மாநிலம் தனது விளைபொருள் சந்தைச் சட்டத்தை 2006இல் நீக்கிவிட்டது. கட்டுப்பாடு அகன்றால் தனியார் முதலீடு வரும் என்ற எதிர்பார்ப்பு பெரிதும் நிறைவேறவில்லை. நெல் கொள்முதல் முக்கியமாகத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே நடைபெறுகிறது. அறுவடை முடிந்த கையோடு கோதுமை விதைப்புத் தொடங்குகிறது. விதைக்கும் உரத்துக்கும் அப்போதே ரொக்கம் தேவை. சங்கம் கொள்முதலைத் தொடங்கி, நெல்லை ஏற்று, பணம் வங்கிக் கணக்கில் சேரும்வரை சிறு விவசாயியால் காத்திருக்க இயலுவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஊர் வியாபாரி வருகிறார்.

இருவரிடமும் கிடைக்கும் தொகையை ஒப்பிட, ஈரப்பதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருவரிடம் 22 சதவீத ஈரமுள்ள 20 குவிண்டால் நெல் இருப்பதாகக் கொள்வோம். 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை சுமார் 18.8 குவிண்டாலாகக் குறையும். ஆதரவு விலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 41,000 ரூபாய். வியாபாரி ஈர நெல்லைக் களத்திலேயே குவிண்டாலுக்கு 1,700 ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டால் கிடைப்பது 34,000 ரூபாய். குவிண்டால் விலைகளை மட்டும் ஒப்பிடுவோர் இழப்பை 9,660 ரூபாய் என்பர். உண்மை வேறுபாடு 7,000 ரூபாய்தான். உலர்த்தும் கூலியையும் வண்டி வாடகையையும் கழித்தால் அது மேலும் குறையும். ஆகவே வியாபாரியை வஞ்சகர் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. உடனே ரொக்கம் தருவதும், ஈர நெல்லை ஏற்பதும் அவர் செய்யும் சேவைகளே. அவற்றுக்கு மிகையான விலை பெறுகிறார் என்பதே குறை. அவரே விதைக்கடனும் கொடுத்தவராக இருப்பின், வேறொருவரிடம் விலை கேட்கும் துணிவும் விவசாயிக்கு எஞ்சுவதில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பதிவுக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டுவது அவருக்கு எளிதன்று. எழுத்தில் இல்லாத குத்தகையை நில உரிமையாளர் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்.

கிடங்கு ரசீதின் பேரில் கடன் பெறும் வசதிக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. மின்னணு வேளாண் சந்தை 2016இல் தொடங்கப்பட்டது. ஆனால் 20 குவிண்டால் நெல்லுடன் நிற்பவருக்கு முதலில் வேண்டியது உலர்களம். அடுத்து, அவர் கண்முன் அளந்து காட்டப்படும் ஈரப்பதம். கொள்முதல் தொடங்கும் நாளை அந்தந்த மாவட்டத்தின் அறுவடையை ஒட்டி அமைப்பதும், பணம் சேரும் நாளை விதைப்புக்கு முன்னே கொண்டுவருவதும் புதுச் சட்டம் எதையும் வேண்டாத பணிகள். மாவட்ட அதிகாரிகளே கவனிக்கக் கூடியவை.