நடக்க முடியாதவர் சைக்கிள் ஓட்டுகிறார்

‘கடைத்தெரு வரை நடந்தாலே அப்பாவுக்கு இரண்டு காலும் மரத்துப்போகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் சைக்கிளில் பக்கத்து ஊருக்கே போய்வருகிறார். வலிப்பதாகப் பாசாங்கு செய்கிறார் என்கிறார் அண்ணன்’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணனிடம் சொல்லுங்கள்: பாசாங்கு அல்ல. அடிமுதுகில் நரம்புக் குழாய் குறுகியவர்கள் பலரும் அப்படியே சொல்வார்கள். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே தணியும். இது நின்றால் தணியாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சைக்கிளில் அவர் குனிந்துதானே உட்கார்ந்திருக்கிறார்!

காரணம், முள்ளெலும்புகளின் பின்பக்கத்தை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் மஞ்சள் இணைநார். உடம்பின் மற்ற இணைநார்கள் பெரும்பாலும் கயிறு போன்ற கொலாஜனால் ஆனவை. இதிலோ ஏறக்குறைய 80 சதவீதம் எலாஸ்டின். அதனால்தான் அந்த மஞ்சள் நிறம், அந்த இழுபடும் தன்மை. குனிந்தால் நீண்டு மெலியும். நிமிர்ந்தால் சுருங்கி உள்பக்கம் புடைக்கும். வயது ஏற ஏற எலாஸ்டின் குறைந்து நார் தடித்துவிடுகிறது. மூட்டுகளும் பருத்து, டிஸ்க்கும் பிதுங்கினால் குழாயில் இடமே இருக்காது. நெதர்லாந்தின் நரம்பறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954இல் இந்த நோயைத் தெளிவாக எழுதி வைத்தார்.

பழைய அறுவையில் முதுகை நடுவே நீளமாகக் கீறி, இரண்டு பக்கத் தசையையும் எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, பின்சுவர் எலும்பையே எடுத்துவிடுவார்கள். நரம்பு விடுபடும், ஆனால் முதுகைத் தாங்கும் தசை அடிபடும். 1997இல் அமெரிக்காவில் ஃபோலி, ஸ்மித் என்ற இருவர், பிதுங்கிய டிஸ்க்கை எடுக்க ஒரு குழல் வழியை அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் அது குறுகலுக்கும் வந்தது. சிறு கீறல் போட்டு, மெல்லிய குழல் ஒன்றைச் செருகி, அதன்மேல் சற்றுப் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று ஏற்றி, கடைசியில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகல வழியைத் திறக்கிறார்கள். என் பாட்டி எண்ணெய் வைக்கும்போது சீப்பு நுனியால் வகிடு பிரிப்பார். ஒரு முடி அறுபடாது, விரல் தலைத்தோலைத் தொட்டுவிடும். தசை இழைகளும் அப்படித்தான் விலகி வழிவிடுகின்றன.

என்னை அசரவைத்தது அடுத்த கட்டம். குழல் இறங்குவது ஒரு பக்கம். அடைப்போ இரண்டு பக்கமும். நுழைந்த பக்கத்தைச் சரிசெய்ததும் மேசையைச் சாய்த்து, குழலையும் சாய்த்து, நடுமுள்ளின் அடிப்பகுதியை உள்ளிருந்து குடைந்துகொண்டே நுண்ணோக்கி வழியாக எதிர்ப்பக்கம் போகிறார்கள். கீழே, நரம்புகளைப் போர்த்திய உறை மிக மெல்லியது. சுழலும் கருவி பட்டால் கிழிந்து நீர் கசியும். அதற்குக் கவசமாக எதை வைக்கிறார்கள் தெரியுமா? அதே மஞ்சள் நாரை! எலும்பு வேலை முடியும்வரை அதை எடுக்காமல் உறைமேல் விட்டுவைக்கிறார்கள். இத்தனை நாள் நரம்பை நெரித்த நாரே அந்த நேரம் நரம்பைக் காக்கிறது. கடைசியில்தான் அதை உரித்தெடுக்கிறார்கள். இப்போது இரண்டு சிறு துளை போட்டு, உப்புநீரை ஓடவிட்டு, எண்டோஸ்கோப்பில் செய்யும் முறையும் பரவியிருக்கிறது.

ஆனால் துளை சிறிதென்பதற்காக எல்லாருக்கும் போட்டுவிடக் கூடாது. 1990இல் போடன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதுகுத் தொந்தரவே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குக் குறுகல் தெரிந்தது. படத்தை மட்டும் பார்த்துக் கத்தி எடுப்பது அநியாயம். திருகாணி வைத்து எலும்புகளை இணைப்பதும் அப்படியே. ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. குறுகலை நீக்குவதோடு இணைப்பும் செய்தவர்கள், இரண்டு ஆண்டு கழித்து, மற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. எலும்பு தெளிவாக ஆட்டம் கண்டிருந்தால் கதை வேறு. இல்லையென்றால் திருகாணி எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். எந்தத் துளை, எந்தக் கருவி என்ற விளம்பரப் போட்டிக்கும் மயங்க வேண்டாம். நார்வேயில் 437 பேரிடம் மூன்று வகைச் சிறு அறுவைகளை ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். மூன்றும் ஒரே அளவு பலன் தந்தன. இந்த அறுவை கால்வலிக்கு நன்றாகக் கேட்கும். முதுகுவலிக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதை முன்பே சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம்.

இதற்கு நேரெதிரான அநியாயம் வீட்டுக்குள் நடக்கிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லியே கோயில், சந்தை, உறவுக்காரர் வீடு என ஒவ்வொன்றாகப் பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அம்மாக்கள் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. பயிற்சி, மருந்து எல்லாம் பார்த்தும் நடை சுருங்கிக்கொண்டே வந்தால் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் திடீரென்று பிரியாமல் போனாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.