அந்தியோக்கியாவில் கலைந்த பந்தி

அண்மையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற நினைவு வழிபாட்டில் கலந்துகொண்டேன். அங்கே பேசிய போதகர், "யூதர்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் கிருபையைப் பிடித்துக்கொண்டோம்" என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். அவர் நல்ல மனிதர். யாரையும் இழித்துரைக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் அந்த ஒரு வரி வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டம் என்றால் சடங்கு, பாசாங்கு, கடவுளிடம் கணக்குப் பார்க்கும் மனம். கிருபை என்றால் அன்பு, விடுதலை. இவ்வாறு பிரித்துவிட்டால் ஒரு சமயம் முழுவதும் இருட்டாகவும் மற்றொன்று முழுவதும் ஒளியாகவும் ஆகிவிடும். ஆனால், சட்டமா கிருபையா என்ற வழக்கு முதன்முதலில் மூண்டபோது, வாதாடிய இருதரப்பினரும் யூதர்களே. வழக்கு மூண்ட இடமும் தொழுகைக்கூடமன்று, உணவுப் பந்தி.

இன்றைய துருக்கியில் அந்தாக்கியா என வழங்கும் நகரம் அன்றைக்கு அந்தியோக்கியா. ரோமப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. கி.பி. 48, 49-ஆம் ஆண்டுவாக்கில் அங்கே இயேசுவை மெசியாவாக ஏற்ற யூதர்களும், அவ்வாறே ஏற்ற கிரேக்கர் முதலிய பிற இனத்தாரும் ஒன்றாக அமர்ந்து உண்டு வந்தனர். எருசலேமிலிருந்து வந்த பேதுருவும் அந்தப் பந்தியில் தயக்கமின்றி அமர்ந்தார். பிறகு, எருசலேம் சபையின் தலைவராக விளங்கிய யாக்கோபிடமிருந்து சிலர் வந்தனர். அவர்கள் வந்ததும் பேதுரு சிறிது சிறிதாக ஒதுங்கிக்கொண்டார். மற்ற யூதர்களும் ஒதுங்கினர். பவுலின் உற்ற தோழரான பர்னபாவும்கூட எழுந்து போய்விட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார்.

இதைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் விவரிக்கிறார். பிற்காலத்தில் கிறிஸ்தவ இறையியலின் தூணாக நின்ற வாசகம், அதாவது மனிதர் சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகின்றனர் என்னும் கருத்து, இந்தப் பந்திச் சண்டையைச் சொல்லி முடித்த கையோடு வருகிறது. தனியறையில் அமர்ந்து தன் பாவங்களை எண்ணிக் கலங்கிய ஒருவரின் வாக்கியமல்ல அது. யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்ற கேள்விக்கு எழுந்த விடை.

அப்படியானால் யாக்கோபின் ஆட்கள் குறுகிய மனம் படைத்தவர்களா? அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அந்தியோக்கியா செலூக்கிய அரசமரபு நிறுவிய நகரம். அந்த மரபின் தலைநகரம். அதே மரபைச் சேர்ந்த நான்காம் அந்தியோக்கஸ் கி.மு. 167-இல் யூதச் சமயத்தையே தடை செய்தான். மகனுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டனர் என்றும், பன்றி இறைச்சியை உண்ண மறுத்த எலெயாசார் என்ற முதியவர் அடித்தே கொல்லப்பட்டார் என்றும் மக்கபேயர் நூல்கள் பதிவு செய்கின்றன. விருத்தசேதனமும் உணவு விதிகளும் ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் பாட்டன்மாரின் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அடையாளங்கள். 'இவை இனித் தேவையில்லை' என்று ஒருவர் சொன்னால் அவர்கள் நெஞ்சு பதறியிருக்கும்தானே? பேதுருவின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று பவுல் கருதினார். எனக்கு அதில் கொஞ்சம் கருணையும் தெரிகிறது. ஆனால் அந்தக் கருணைக்கான விலையைக் கொடுத்தவர்கள் பந்தியில் தனித்து விடப்பட்ட பிற இனத்தார்.

பிற இனத்தார் யூதச் சமயத்துக்குள் வரும்போது சட்டத்தை எவ்வளவு ஏற்க வேண்டும் என்பது யூதர்களிடையே முன்பே விவாதிக்கப்பட்டு வந்த கேள்வி. அதே நூற்றாண்டில், அதியாபேனே நாட்டு மன்னன் இசாத்தெஸ் யூதச் சமயத்தைத் தழுவ விரும்பியதை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அனனியா என்ற யூத வணிகர், விருத்தசேதனம் இல்லாமலேயே கடவுளை வழிபடலாம் என்று மன்னனுக்கு அறிவுறுத்துகிறார். பின்னர் கலிலேயாவிலிருந்து வந்த எலெயாசார் என்ற வேறொருவர், மன்னன் மோசேயின் சட்டநூலைப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, 'படித்தால் மட்டும் போதாது, அதில் உள்ளபடி செய்ய வேண்டாமா' என்ற பொருள்படக் கடிந்துகொள்கிறார். மன்னன் விருத்தசேதனம் செய்துகொள்கிறான். அனனியாவுக்கும் எலெயாசாருக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில்தான் பவுலும் யாக்கோபின் ஆட்களும் நின்றனர். இது ஒரே குடும்பத்துக்குள் நடந்த வழக்கு.

இங்கே சொற்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். எபிரேயத்தில் 'தோரா' என்ற சொல்லுக்கு அறிவுறுத்தல், கற்பித்தல் என்பதே முதற்பொருள். கிறிஸ்துவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'நோமொஸ்' என்றனர், அதாவது சட்டம். தமிழில் அது சீர்திருத்தச் சபையாரிடம் 'நியாயப்பிரமாணம்' ஆயிற்று. கத்தோலிக்கரிடம் 'திருச்சட்டம்' ஆயிற்று. ஆசான் சொல்லித் தந்ததெல்லாம் நீதிமன்றத்துக்கு இடம் மாறியதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிவிட்டது.

'விசுவாசம்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு கதை. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'பிஸ்திஸ்'. ஒரு கருத்தை உண்மையென்று ஒப்புக்கொள்வது மட்டும் அதன் பொருளன்று. நம்பி ஒப்படைத்தல், சொன்ன சொல்லில் நிற்றல், பற்றுறுதி ஆகியவையும் அதில் அடங்கும். இன்றைய தமிழில் ஒரு பணியாளரையோ வீட்டு நாயையோ விசுவாசமுள்ளது என்று சொல்லும்போது எதைக் கருதுகிறோமோ, அது பவுலின் சொல்லுக்குப் பல மேடைப் பேச்சுகளைவிட நெருக்கமானது. 'கிருபை' எனப்படும் 'காரிஸ்' அன்றாடச் சமூக வாழ்வில் புழங்கிய சொல். கொடையும் நன்றியும் கொடுப்பவரின் தயவும் அதில் சேரும். அந்தக் கால வழக்கப்படி நல்ல கொடை என்பது தகுதியறிந்து தருவது. குலம், கல்வி, செல்வாக்கு பார்த்துக் கொடுப்பவரே அறிவுள்ள வள்ளல். கடவுளின் கொடை தகுதி பாராமல் வந்தது என்றார் பவுல். இதை 2015-இல் வெளிவந்த தம் நூலில் ஜான் பார்க்ளே என்ற அறிஞர் விரிவாக எடுத்துக்காட்டினார். கொடை தகுதி பாராமல் வந்திருந்தால், அதைப் பெற்றவர்கள் பந்தியில் மட்டும் தகுதி பார்த்துப் பிரிந்து அமர்வது எப்படி? பவுலின் சினத்துக்குப் பின்னே நின்ற தருக்கம் இதுதான்.

தம் வாதத்துக்கு அவர் அழைத்த சாட்சி ஆபிரகாம். ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கடவுளை நம்பினார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனக் கட்டளையோ 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. எனவே நம்பிக்கை முன்னது, அடையாளம் பின்னது என்கிறார் பவுல். யாக்கோபின் பெயரால் வழங்கும் கடிதமும் அதே ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைக்கிறது; ஆனால் அவர் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய 22-ஆம் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டி, செயலற்ற நம்பிக்கை செத்தது என்கிறது. ஒரே நூலின் வெவ்வேறு பக்கங்களை விரல் வைத்துக் காட்டும் இரு வழக்குரைஞர்களைப் போல எனக்கு இவர்கள் தோன்றுவதுண்டு.

பவுலும் சட்டத்தை வெறுத்தவர் அல்லர். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் சட்டம் தூயது என்கிறார். பிற இனத்தாரைக் காட்டு ஒலிவ மரத்தின் கிளைகளாகவும், இஸ்ரயேலை அவர்கள் ஒட்டவைக்கப்பட்ட மரமாகவும் உவமித்து, கிளை வேரைப் பார்த்துப் பெருமை பேச வேண்டாம் என்று எச்சரிக்கிறார். எதையும் உண்பவரும் சிலவற்றைத் தவிர்ப்பவரும் ஒருவரையொருவர் இகழ வேண்டாம் என்கிறார். நினைவு வழிபாட்டில் நான் கேட்ட வரியைப் பவுல் கேட்டிருந்தால் அந்தப் போதகரையும் முகத்துக்கு நேரே கண்டித்திருப்பார்.

பின்வந்த நூற்றாண்டுகளில் பந்தி மறைந்தது, வாக்கியம் மட்டும் நின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் பெலாகியுசை எதிர்த்து வாதிட்டபோது, கேள்வி மனித விருப்பாற்றலைப் பற்றியதாக மாறியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் 'விசுவாசத்தினால் மட்டுமே' என்று முழங்கியபோது அவர் கண்முன் இருந்தது பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்ற திருச்சபை. கலாத்தியர் கடிதத்தின் எதிராளிகள்மீது தம் காலத்து எதிராளிகளின் முகத்தை அவர் பொருத்தினார். அது பலருக்கு விடுதலையாக இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதே லூத்தர் 1543-இல், யூதர்களின் தொழுகைக்கூடங்களைத் தீயிட வேண்டும் என்று நூல் எழுதினார். நாஜிகள் அந்த நூலைத் தேடியெடுத்துப் பரப்பினர். 'சட்டத்தைப் பிடித்துக்கொண்ட யூதர்' என்னும் சித்திரம் அவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதால்தான் ஒரு சிறு வரி என்னை உறுத்தியது.

1977-இல் ஈ.பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வு இந்தச் சித்திரத்தை அசைத்தது. பவுலின் காலத்து யூதநூல்களைப் பரவலாக ஆராய்ந்த அவர், அவற்றிலும் கடவுளின் தயவே முதலில் நிற்கிறது என்று காட்டினார். விடுதலைப் பயண நூலைத் திறந்தாலே இது விளங்கும்: முதலில் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீட்பு, அதன் பிறகே சீனாய் மலையில் கட்டளை. சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஒழுங்குமுறை நூலின் இறுதிப் பாடலும், தன்னை நீதிமானாக்குவது கடவுளின் நீதியே என்று பாடுகிறது. அங்கே கிடைத்து 1994-இல் முறையாகப் பதிப்பிக்கப்பட்ட மற்றொரு ஆவணத்தில் 'சட்டத்தின் செயல்கள்' என்ற அதே தொடர் வருகிறது. ஒரு குழுவைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் தூய்மை விதிகளைப் பற்றி அந்த ஆவணம் பேசுகிறது. பவுல் எதிர்த்தது நல்லொழுக்கத்தை அன்று, இத்தகைய எல்லைக்கோடுகளை என்று ஜேம்ஸ் டன் போன்றோர் வாதிட்டனர். லூத்தரின் வாசிப்பை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்போரும் உண்டு. அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. என் சாய்வு பந்தியின் பக்கம்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் நம் ஊர்களில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய சபைகள் பலவற்றில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. நற்கருணையைப் பெறுவதிலும் முன்பின் வரிசை இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். சாதி வெறும் சமூக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் வாதம். கிருபை உள்ளத்துக்குள் மட்டும் நிகழ்வது என்று வைத்துக்கொண்டால் இந்த வாதத்துக்கு விடை சொல்வது கடினம். அந்தியோக்கியாவை நினைவில் வைத்திருப்போருக்கு அது எளிது.

எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தார் தாண்டக்கூடாத தடுப்பு ஒன்று இருந்தது. மீறி நுழைபவர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் கடிதம், பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று சொல்லும்போது இந்தத் தடுப்பையே எண்ணியிருக்கலாம். கல்வெட்டு கிடைத்த மறு ஆண்டில், 1872-இல், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. பீடத்தில் சந்திக்கும் இரண்டு கால்களாக, ஒரு கால்சட்டையைப் போல, அது அமைந்தது. ஒரு பக்கம் வேளாளர் முதலியோர், மறுபக்கம் நாடார்கள், நடுவே சுவர். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பழைய பிரிவினை தங்கள் உரிமை என்று கோரி ஒரு தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். அப்படியோர் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தியோக்கியாவில் பேதுரு என்ன மறுமொழி சொன்னார் என்பதைப் பவுல் எழுதவில்லை. கலைந்தவர்கள் அன்றைக்கே திரும்பி வந்து அமர்ந்ததாகவும் கலாத்தியர் கடிதத்தில் இல்லை.