நகரும் மண்ணில் வீட்டு மனைகள்

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தெற்கே, பாலஸ் வெர்டிஸ் என்ற மலைப்பாங்கான முனையொன்று பசிபிக் சமுத்திரத்தினுள் நீண்டு நிற்கிறது. அதன் தென்கரையில் போர்ச்சுகீஸ் பெண்ட் என்னும் பகுதியிலே வீடுகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சில இடங்களில் வாரத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி வீதம் பூமி கடலை நோக்கி நகர்ந்தது. சுவர்கள் பிளந்தன. பாதைகள் மடிந்தன. எரிவாயுக் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் வைத்திருப்பது அபாயமென்று சொல்லிக் கம்பெனிகள் அவற்றை நிறுத்திவிட்டன. செப்டம்பர் 3-ந் தேதி கவர்னர் அவசர நிலைமையைப் பிரகடனம் செய்தார். இதைத் தெய்வச் செயல் என்று கூறிக் கைவிரிப்பது எளிது. இந்த விஷயத்தின் சரித்திரத்தை அறிந்த பின்னர் அவ்விதம் கூற நமக்கு மனம் வரவில்லை.

அந்த மலைச்சரிவின் அடியில், வெகு புராதன காலத்து எரிமலைச் சாம்பல் மக்கிக் களிமண்ணாய்ப் படிந்திருக்கிறது. பெண்டோனைட் என்று அதற்குப் பெயர். நீர் பட்டால் உப்பிக்கொண்டு சவுக்காரம் போல் வழுக்கும் தன்மையுடையது. பாறை அடுக்குகளோ கடல் பக்கமாகவே சாய்ந்திருக்கின்றன. கீழே அலைகள் கரையை ஓயாமல் அரிக்கின்றன. மேலே மழை நீர் வெடிப்புக்களின் வழியாக உள்ளே இறங்குகிறது. அந்த மண் மனிதர் வருமுன்னரே பல முறை சரிந்த மண். இது இரகசியமாக இருந்ததில்லை. அமெரிக்க சர்க்காரின் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த நிபுணர்கள் 1946-ம் வருஷத்திலேயே பழைய சரிவுகளைப் படம் வரைந்து புஸ்தகமாக வெளியிட்டு விட்டார்கள். புஸ்தகம் வெளிவந்த பிறகுதான் அங்கே மனைகள் மளமளவென்று விற்பனையாகி வீடுகள் எழுந்தன! கடற்காட்சிக்கு விலை போட்டவர்கள் கீழிருந்த களிமண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜலதாரை வசதியும் செய்யப்படவில்லை. ஒவ்வொரு வீட்டின் கழிவு நீரும் அந்தந்தத் தோட்டத்துக் குழியிலேயே விடப்பட்டு, நாள்தோறும் பூமிக்குள் இறங்கி வந்தது.

இந்த நிலையில், 1956-ல் ஜில்லா நிர்வாகத்தார் ஒரு பெருஞ்சாலையை நீட்டிக்கப் புறப்பட்டு, வெட்டியெடுத்த மண்ணை, ஒன்றரை லட்சம் கன கஜத்துக்கு மேலாக, பழைய சரிவின் தலைமாட்டிலேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவ்வாண்டிலேயே பூமி அசையத் தொடங்கிற்று. அடுத்த வருஷம் இருபதுக்கும் மேற்பட்ட கான்கிரீட் தூண்களை மண்ணில் இறக்கித் தடுக்கப் பார்த்தார்கள். வேகம் சில மாதம் குறைந்தது. பிறகு மண் தூண்களையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நூற்று முப்பதுக்கும் அதிகமான வீடுகள் நாசமாயின.

வீடிழந்தோர் நியாயஸ்தலத்தை நாடினர். இந்த வழக்கைப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஜில்லா நிர்வாகம் அஜாக்கிரதையாக நடந்ததென்று நிரூபணமாகவில்லை. இப்படி நேருமென்று முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாதென்றும் வாதிக்கப்பட்டது. எனினும் 1965-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு, பொது நன்மைக்கென்று செய்யும் ஒரு வேலையால் தனி மனிதரின் சொத்துக்கு நேரும் சேதத்தை, எதிர்பார்த்தது எதிர்பாராதது என்ற பேதமின்றி, சர்க்காரே ஈடு செய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நஷ்டஈட்டுத் தொகை 50 லட்சம் டாலருக்கு மேல். சாலையின் பலன் ஊரனைத்துக்கும் உரியதென்றால் அதன் நஷ்டமும் ஊரனைத்தையும் சேர்ந்ததே. அதை ஒரு சில குடும்பங்களின் தலையில் கட்டுவது எவ்வகையில் நியாயம்?

இந்தத் தீர்ப்புக்குப் பின்னராவது மண்ணை ஒட்டி மனைகள் அமையுமென்று எதிர்பார்க்கலாம். அது பாதிதான் நடந்தது. அண்டைப் பகுதியான அபலோன் கோவ் எழுபதுகளில் சரியத் தொடங்கவே, 1978-ல் நகரசபை புதுக் கட்டிடங்களைத் தடுத்தது. நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டக் கிணறுகள் தோண்டினார்கள். பலனும் இருந்தது. ஆனால் காலி மனைக்காரர்கள் வழக்காடினார்கள். தடையினால் எங்கள் சொத்தைப் பறித்தீர்கள் என்பது அவர்கள் வாதம். 2008-ல் அப்பீல் கோர்ட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தது. கட்டவிட்டு மண் சரிந்தால் நஷ்டஈடு, கட்டாதே என்றாலும் நஷ்டஈடு! நகரசபையின் சங்கடத்தை நாம் உணராமலில்லை.

அதே கரையில் சற்றுக் கிழக்கே, செங்குத்தான பாறைக் கரையின் விளிம்பில் கோல்ப் மைதானம் அமைத்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே, 1999-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி, அதன் பதினெட்டாவது ஆட்டத் திடல் கடலுக்குள் சரிந்தது. அமைத்தவர்கள் திவாலானார்கள். 2002-ல் டொனால்டு டிரம்ப் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். மைதானக்காரருக்கு இது ஒரு கணக்குப் புஸ்தக விவகாரம். குடியிருப்பவருக்கு அப்படியல்ல.

செல்வந்தரின் மாளிகைகள் விழுவதைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். வாழ்நாள் சேமிப்பையெல்லாம் அந்தக் கூரையிலே போட்டுவிட்ட முதியோரும் அங்கே உண்டு. பூமி நகர்ந்தால் ஏற்படும் நஷ்டத்தைச் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் ஏற்பதில்லை. மேலும், சேதத்தைக் கணக்கிட வக்கீலை அமர்த்தும் சக்தியுள்ளவர்களுக்கே இக்கதியென்றால் அச்சக்தி இல்லாதவர்களின் கதி என்ன?

2022, 2023 குளிர்காலங்களில் பெய்த அடைமழைதான் 2024-ம் வருஷத்து வேகத்துக்குக் காரணம். 2024-ல் துளையிட்டுப் பார்த்தபோது, இதுவரை தெரிந்ததைவிட ஆழத்திலே, முந்நூறு அடிக்கும் கீழே, வேறொரு வழுக்குத் தளம் இருப்பது வெளிப்பட்டது. பிரசித்தி பெற்ற சிற்பி லாயிட் ரைட் சமைத்த கண்ணாடித் தேவாலயம் அவ்வருஷம் பிப்ரவரியில் மூடப்பட்டு, பின்னர் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வைக்கப்பட்டது. வீட்டைக் கழற்றிக்கொண்டு போக யாரால் முடியும்?

அக்டோபரில் 4 கோடி 20 லட்சம் டாலர் செலவில் வீடுகளை வாங்கிக்கொள்ளும் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பர் மாதத்து விலையில், கால் பங்கு நஷ்டத்தை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும். வாங்கிய வீடுகளை இடித்து, அந்த நிலத்தில் இனி எவரும் எக்காலத்தும் கட்டாதபடி பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். 1946-ம் வருஷத்துப் படத்தைப் பார்த்த அன்றே எழுதியிருக்கக்கூடிய ஷரத்து அது. அன்று எழுதியிருந்தால் ஆன செலவு ஒரு தாளும் சிறிது மசியும்.