காற்றும் கணக்கும்

சைக்கிள் பந்தயம்னா கால்ல பலம் இருக்கிறவன் ஜெயிப்பான் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஐரோப்பாவின் ஒருநாள் பந்தயங்களைப் பார்த்தால் கணக்கே வேறு. பலத்தைக் கடைசிவரை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே பரிசு.

பிரான்சில் 1896-ல் தொடங்கிய பாரிஸ் - ரூபே பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 260 கிலோமீட்டர். அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழைய பாதை. இன்று விட்டதை நாளை பிடிக்கலாம் என்ற பேச்சே இல்லை.

முதல் எதிரி காற்று. நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம்தான்! வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான பவர் எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். ஆகவே தலைவருக்காக அணித் தோழர்கள் முறைவைத்து முன்னே போய்க் காற்றைத் தாங்குவார்கள். தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். (இதைப் படித்துவிட்டு லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், ஆபத்து!)

அடுத்தது எரிபொருள். உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து சுமார் 2000 கலோரிக்குத்தான் வரும். பந்தயத்துக்கோ 5000-க்கு மேல் வேண்டும். கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். எனவே ஓட்டிக்கொண்டே மணிக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சாப்பிடுகிறார்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் காரியம் கெட்டது.

மூன்றாவது இடம். கல் பாதை குறுகல். பின்னால் இருந்தால், முன்னே ஒருவர் விழுந்தாலும் நாமும் நிற்க வேண்டியதுதான். அதனால் சிலர் ஆரம்பத்திலேயே சிறு குழுவாகப் பிரிந்து முன்னே போய்விடுவார்கள். 2016-ல் ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹேமன் அப்படித்தான் போனார். வயது 37. அந்தப் பந்தயத்தில் அது அவருக்கு 15-வது தடவை. ஆறு வாரத்துக்கு முன்புதான் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைத்த சைக்கிளில் பயிற்சி எடுத்தவர். பெரிய வீரர்கள் வந்து பிடித்த பிறகும் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். கடைசியில் ரூபே மைதானத்தில், நான்கு முறை வென்ற டாம் போனனையே முந்தினார். அதற்குமுன் பல வருடம் மற்றவர்களுக்காகக் காற்றைத் தாங்கியவர் அவர்!

எங்கள் வீட்டில் டிப்ளமோவுக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் போக வீட்டில் யாரும் இல்லை. பழைய நோட்டையும் மினி டிராஃப்டரையும் கொடுத்துக் காற்றை மறைத்தவர்கள் நம் சீனியர் அண்ணன்கள்தான். இப்போது ஃபர்ஸ்ட் இயர் தம்பி, தங்கைகள் வந்துவிட்டார்கள். முன்னே போகும் முறை நம்முடையது. மிதிப்போம் நண்பர்களே!