டிக்கியில் மிச்சம் பிடித்த இடம்

1,370 நொடி என்பது 23 நிமிடத்துக்குப் பத்து நொடி குறைவு. அமெரிக்காவில் ஒரு கார் மாடல் விற்பனைக்கு வருமுன் அதை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஏற்றி, ஊருக்குள் ஓட்டுவதுபோல் ஓட்டிப் புகையை அளப்பார்கள். அந்தச் சோதனையின் முதல் கட்டங்கள் முடிய ஆகும் நேரம் அது. 2015 நவம்பர் 2 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன், ஆடி, போர்ஷே நிறுவனங்களுக்கு அனுப்பிய குற்றக் கடிதத்தில் இந்த எண் இருந்தது. மூன்று லிட்டர் வி6 டீசல் இன்ஜின் பொருத்திய வண்டிகள் அந்த 1,370 நொடியும் பரம சாதுவாக ஓடின. அடுத்த நொடியே சுபாவம் மாறத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவை வெளிவிட்ட நைட்ரஜன் ஆக்சைடு, சட்டம் அனுமதித்ததைப்போல் ஒன்பது மடங்கு வரை போனது. அந்தப் பட்டியலில் ஃபோக்ஸ்வேகன் டூவாரெக், போர்ஷே கேயென் ஆகிய பெரிய சொகுசு எஸ்.யூ.வி.கள் இருந்தன. சில வாரங்களில் 2009 முதல் 2016 வரையிலான எல்லா மூன்று லிட்டர் டீசல் மாடல்களும் பட்டியலில் சேர்ந்தன. ஆடி கியூ 7 அப்போது உள்ளே வந்தது. மொத்தம் சுமார் 80,000 வண்டிகள்.

உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்கு ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 18 அன்று வெடித்த முதல் செய்தியைத்தான். இரண்டு லிட்டர் இன்ஜின், ஜெட்டா, பஸாட் போன்ற நடுத்தர வர்க்கத்துக் கார்கள், 4,82,000 வண்டிகள், 40 மடங்கு வரை புகை. அதன் பக்கத்தில் வைத்தால் எஸ்.யூ.வி. விவகாரம் சின்ன வாலாகத் தெரியும். ஆனால் இந்த மோசடி எதற்காக நடந்தது என்பது அந்த வாலில்தான் தெளிவாகத் தெரிகிறது. சின்ன கார் விஷயத்தில், நல்ல சுத்திகரிப்புக் கருவி வைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் விற்காது என்று ஒரு சாக்காவது சொல்லலாம். 60,000 டாலரைத் தாண்டிய கேயெனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கருவி அதில் ஏற்கெனவே இருந்தது. அதை முழுதாக வேலை செய்ய விடவில்லை, அவ்வளவுதான்.

இந்த வண்டிகளை வாங்கியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டீசல் என்றால் லாரி, கரும்புகை, கடகடச் சத்தம். அந்த எண்ணத்தைத் தாண்டி ஒருவர் டீசல் எஸ்.யூ.வி. வாங்கினார் என்றால் கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். டூவாரெக் இரண்டே கால் டன் எடை. பின்னால் படகோ குதிரை வண்டியோ கோத்தால் மூன்றரை டன் வரை இழுக்கும். 100 லிட்டர் டேங்கை ஒரு தடவை நிரப்பினால் நெடுஞ்சாலையில் 1,200 கிலோமீட்டர் போகலாம். அதே பருமனுள்ள பெட்ரோல் வண்டியைவிட எரிபொருள் குறைவு, கரியமில வாயுவும் குறைவு. பெரிய வண்டி வைத்திருக்கும் குறுகுறுப்பு உள்ளவருக்கு இது மருந்து. ‘சுத்தமான டீசல்’ என்ற விளம்பரம் விற்றது அந்த நிம்மதியைத்தான். அந்த விளம்பரத்தை எதிர்த்து அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016 மார்ச்சில் தனியாக வழக்கே போட்டது.

டீசல் இன்ஜினுக்குள் காற்று அதிகம், அழுத்தம் அதிகம், சூடு அதிகம். மைலேஜ் கிடைப்பது அதனால்தான். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவதும் அதனால்தான். இதை அடக்க நல்ல வழி, புகைக்குழாயில் யூரியாக் கரைசலைப் பீய்ச்சுவது. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான நீர்; வணிகப் பெயர் ஆட்புளூ. சூட்டில் அது அமோனியா ஆகி, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு நம் ஊர் லாரி ஓட்டுநர்களுக்கும் இது புதிதல்ல. டீசல் டேங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க், அதில் ஊற்ற ஒரு கேன். புகை எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு கரைசல் செலவாகும். இதில் குறுக்கு வழி இல்லை. கரைசல் அதிகம் வேண்டுமென்றால் டேங்க் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் அடிக்கடி ஊற்ற வேண்டும்.

ஆடியின் பொறியாளர்கள் 2006 வாக்கில் இந்த இன்ஜினை அமெரிக்காவுக்காக வடிவமைக்கத் தொடங்கியபோது வந்து முட்டிய இடம் இதுதான். பத்தாண்டு கழித்து, 2017 ஜனவரியில், ஃபோக்ஸ்வேகன் அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஏற்றுக்கொண்டபோது ஒப்புக்கொண்ட உண்மை விவரங்களில் காரணம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சோதனை நடக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று பார்த்து மென்பொருள் கரைசலின் அளவைக் கூட்டிக் குறைத்தது. சாலையில் குறைவாகப் பீய்ச்சியதால் டேங்கைப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. டேங்க் பெரிதானால் டிக்கி சின்னதாகும், டிக்கி சின்னதானால் அமெரிக்காவில் விற்பனை குறையும். ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே வண்டி நீண்ட தூரம் ஓட வேண்டும் என்பது இன்னொரு காரணம். திரும்பப் படித்துப் பார்த்தாலும் இதற்கு மேல் எதுவும் இல்லை. பல நூறு கோடி டாலர் அபராதமும் சிறைத் தண்டனைகளும் வந்து முடிந்த ஒரு விவகாரத்தின் வேரில் இருந்தது, இரண்டு பெட்டி கூடுதலாக வைக்க டிக்கியில் இடம்.

வாடிக்கையாளர் அதைத்தானே விரும்பினார் என்று கேட்கலாம். டிக்கி பெரிதாக இருக்க வேண்டும், நடுவில் எதையும் ஊற்றும் தொந்தரவு கூடாது, மைலேஜும் வேண்டும், சுத்தமும் வேண்டும் என்றால் நிறுவனம் என்ன செய்யும்? இந்த வாதம் கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நிற்காது. வாங்குபவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. ‘சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நீல மூடியைத் திறந்து ஒரு கேன் ஊற்றுங்கள், இல்லையென்றால் டிக்கியில் கொஞ்சம் இடத்தை விடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் சிலர் மறுத்திருப்பார்கள், பலர் சரி என்றிருப்பார்கள். லாரி ஓட்டுநர் செய்யும் வேலையைக் கேயென் உரிமையாளரால் செய்ய முடியாது என்று அவர் சார்பில் முடிவெடுத்துவிட்டு, அந்த முடிவை அவரிடமிருந்தே மறைத்ததற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவை அல்ல. முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. இந்த மோசடியை வெளிக்கொணர்ந்த ஆய்விலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 2013-ல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையிலான சிறு குழு மூன்று டீசல் வண்டிகளைக் கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டி அளந்தது. மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோருடன், தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத பெயர்கொண்ட அரவிந்த் திருவேங்கடமும் அதில் இருந்தார். ஜெட்டா, சட்டம் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு புகை விட்டது, பஸாட் 5 முதல் 20 மடங்கு. மூன்றாவது வண்டி பி.எம்.டபிள்யூ எக்ஸ் 5, மூன்றிலும் கனமான சொகுசு எஸ்.யூ.வி. யூரியாக் கரைசல் கொண்ட அது, கிராமப்புற மேட்டுச் சாலை தவிர மற்ற வழித்தடங்களில் பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றது. ஒரு வண்டியை வைத்து ஒரு நிறுவனத்துக்கே நற்சான்று கொடுக்க முடியாதுதான். ஆனால் பருத்த டீசல் வண்டியால் சாலையில் ஒழுங்காக ஓடவே முடியாது என்ற பேச்சை மறுக்க அந்த ஒரு வண்டி போதும்.

உரிமையாளருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. வண்டி ஓடியது, இழுத்தது, மைலேஜ் கொடுத்தது. சொல்லப்போனால் மோசடியால் அவருக்குக் கேன் வாங்கும் செலவுகூட மிச்சம். புகை போனது ஊராருடைய நுரையீரலுக்கு. இதற்கு நேரான பதிலை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2020 மே 25 அன்று சொன்னது. வழக்கு எஸ்.யூ.வி. பற்றியது அல்ல, 31,490 யூரோவுக்கு வாங்கிய ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் ஷரான் பற்றியது. ஆனால் தர்க்கம் எல்லா வண்டிக்கும் பொருந்தும். உண்மை தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாத ஒப்பந்தத்தை ஒருவர் தலையில் கட்டினால் அந்த ஒப்பந்தமே அவருக்கு நேர்ந்த சேதம் என்றது நீதிமன்றம். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். ஓட்டிய கிலோமீட்டருக்கான பயன் கழிக்கப்படும். கழித்த பிறகு அந்த மனிதருக்கு 25,600 யூரோவுக்கு மேல் கிடைத்தது. அனுபவித்தாய் அல்லவா என்ற கேள்விக்கு விடை அந்தக் கழிவிலேயே இருக்கிறது. அனுபவித்தது வரவு வைக்கப்பட்டது, ஏமாற்றியது தனியாக எண்ணப்பட்டது.

பணக்காரர் பிரச்சினை என்று ஒதுக்குவது இன்னும் எளிது. ஆனால் இந்த வண்டி வைத்திருந்தவர் ஏமாந்தவர் மட்டுமல்ல, தெரியாமலேயே புகை விட்டவரும்கூட. 2015-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் இரண்டு லிட்டர் கார்கள் 2008 முதல் 2015 வரை விட்ட கூடுதல் புகை 59 பேரின் ஆயுளைக் குறைத்திருக்கும் என்று மதிப்பிட்டது. வி6 வண்டிகள் எண்ணிக்கையிலும் மடங்கிலும் குறைவு, சேதமும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். குறைவு என்பது இல்லை என்பதாகாது. மூச்சு விட்டவர்களுக்குத் தனித்தனியாகக் காசோலை போகவில்லை. வி6 வண்டிகளின் கணக்கில் 22.5 கோடி டாலர் காற்று மாசைக் குறைக்கும் நிதிக்குப் போனது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நெருடல் உண்டு: ஏமாந்தவரின் பெயர் ரசீதில் இருக்கிறது, இருமியவரின் பெயர் எங்கும் இல்லை. அதற்காக ரசீது வைத்திருப்பவருக்குக் கொடுக்காதே என்று சொல்ல முடியாது.

கொடுத்ததும் லேசில் இல்லை. 2015 நவம்பர் 2 அன்று ஃபோக்ஸ்வேகன் எல்லாவற்றையும் மறுத்தது. அதே மாதம் முடிவதற்குள் ஆடி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2016-ல் சின்ன கார்கள் தொடர்பாக 1,470 கோடி டாலர் வரையிலான உடன்பாடு வந்தபோது எஸ்.யூ.வி.காரர்கள் வெளியில் நிறுத்தப்பட்டார்கள். வண்டியை ஓட்டலாம், ஆனால் நல்ல விலைக்கு விற்க முடியாது, மாற்றவும் முடியாது என்ற நிலை 2017 மே வரை நீடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்ல்ஸ் பிரையர் அப்போது ஏற்ற உடன்பாட்டில் ஒரு விசித்திரம். 2012 வரையிலான பழைய டூவாரெக், கியூ 7 வண்டிகளை, சுமார் 20,000, சரி செய்யவே முடியாது என்பதால் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2013-க்குப் பிந்தைய வண்டிகளைத் திருத்த முடியும் என்பதால் அவற்றின் உரிமையாளர்களுக்குத் திருத்தமும் 7,039 முதல் 16,114 டாலர் வரை ஈட்டுத்தொகையும் மட்டும். மோசமான வண்டி வைத்திருந்தவருக்குக் கதவு திறந்தது, கொஞ்சம் நல்ல வண்டி வைத்திருந்தவர் அதையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டத்தின் கணக்கில் இது சரி. பொய் சொன்ன நிறுவனத்தின் வண்டியை இனி வாசலில் பார்க்கவே பிடிக்காதவருக்கு இது என்ன சமாதானம்?

எல்லோரும்தான் செய்தார்கள் என்பது கடைசிச் சாக்கு. ஜீப் கிராண்ட் செரோக்கி டீசலும் ராம் பிக்கப் வண்டியும் சேர்ந்து ஒரு லட்சத்துச் சொச்சம் வண்டிகளுக்காக ஃபியட் கிரைஸ்லர் 2019-ல் உடன்பாட்டுக்கு வந்தது, 2020-ல் மெர்சிடிஸ் தயாரிக்கும் டைம்லர் வந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பலர் செய்தது என்பது சோதனை முறையின் ஓட்டையைத்தான் காட்டுகிறது. எந்த நொடியில் சோதனை முடியும் என்று இன்ஜினுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. போர்ஷே 2018 செப்டம்பரில் டீசலையே கைவிட்டது. சோதனையும் மாறியது: ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் புதிய மாடல்களையும், இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் கார்களையும் ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல் நிஜச் சாலையிலும் ஓட்டி அளக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு ஓட்டம் 90 முதல் 120 நிமிடம். சைலன்சர் முனையில் ஒரு குழாயை மாட்டி, அது போய்ச் சேரும் அளவுகருவிப் பெட்டியை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பல நேரங்களில் அதை வைக்கும் இடம் டிக்கி.